பயமாக இருக்கும் ரோட்டில் சைக்கிளா, காரா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சைக்கிளில் போகலாம் என்று ஆசைப்படுபவர்கள் பலரும் ரோட்டைப் பார்த்ததும் அந்த ஆசையை விட்டுவிடுகிறார்கள். பஸ் உரசுகிற மாதிரி போகிறது, பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழிக்கிறது, ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று கார் சாவியை எடுத்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. சில வழிகளுக்குக் கார்தான் சரி. ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் மொத்த வழியையும் பார்த்து எடுத்ததாக இருப்பதில்லை. எட்டு கிலோமீட்டர் வழியில் நம்மை உண்மையிலேயே நடுங்கவைப்பது இரண்டு மூன்று இடங்கள்தான்: ஒரு பாலம், ஒரு ரவுண்டானா, விளக்கில்லாத ஒரு வளைவு. அந்த இடங்களைத் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால், எதில் போவது என்பது தெளிவாகிவிடும். எல்லா நாளுக்கும் ஒரே பதிலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் போக்குவரத்துக்கு நடுவே ஓட்டிப் பழக்கமில்லை. கார் ஓட்டும் வசதியும் இருக்கிறது. இப்படி இருப்பவர்களுக்காக எழுதியது இது.

முதலில், எது பயம், எது ஆபத்து

புதிதாக ஓட்டுபவருக்குப் பயமெல்லாம் முதுகுப் பக்கம்தான். கண்ணுக்குத் தெரியாத வண்டி பின்னாலிருந்து இடித்துவிடும் என்று தோளை இறுக்கிக்கொண்டே ஓட்டுவார். நகருக்குள் அதிக மோதல்கள் நடப்பது சந்திப்புகளில்: திரும்பும் வண்டி, சந்திலிருந்து எட்டிப் பார்க்காமல் வெளியே வரும் வண்டி. அதோடு, நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறப்பது. பின்னாலிருந்து இடிபடும் ஆபத்து கூடுவது, வண்டிகள் வேகமாகப் போகும் ஊர்ப்புறச் சாலைகளில், அதிலும் இருட்டில்.

அதனால் மனசு சொல்வதும் நிஜமும் தலைகீழாக இருக்கலாம். கடைவீதியில் நாலா பக்கமும் வண்டி நெருக்கும், தலை சுற்றும். ஆனால் எல்லாமே ஊர்ந்துதான் போகும். அகலமான, ஆளில்லாத நேர்ச்சாலையில் மனசு நிம்மதியாக இருக்கும். அங்கே வரும் ஒரே ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியிலேயே கார் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். நல்ல காய்ந்த ரோட்டில் நிற்க அதற்கு மேல் இன்னொரு 14 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இவை எட்டும் ஐந்தும்தான். 15 மீட்டர் தொலைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால், 30-இல் வருபவர் முட்டாமல் நின்றுவிடுவார். 50-இல் வருபவர் அதே இடத்தை எட்டும்போது அப்போதுதான் பிரேக்கில் கால் வைத்திருப்பார். வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப (வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் வருவது) கூடுவதால், 30-ஐவிட 50-இல் அது 2.8 மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

ஆகவே ஒரு ரோட்டைப் பார்க்கும்போது முதல் கேள்வி, ‘எத்தனை வண்டி போகிறது’ என்பதல்ல. ‘எவ்வளவு வேகமாகப் போகிறது’ என்பதுதான். அடுத்தது, லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகள் எவ்வளவு. மூன்றாவது, ஏதாவது என்றால் ஒதுங்க ஓரத்தில் இடமிருக்கிறதா.

காருக்குள் உட்கார்ந்தால் தீர்ந்ததா?

உங்கள் உடம்பைப் பொறுத்தவரை பெருமளவு ஆமாம். கார் ஒரு இரும்புக் கூடு. சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டால் உயிரிழக்கும் வாய்ப்பு பாதி வரை குறையும். ஆனாலும் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள். மீதிப் பேரில் காருக்குள் இருந்தவர்களும் கணிசம். பயந்துபோய் காரை எடுப்பவர், ரோட்டில் இன்னொருவரைப் பயமுறுத்தும் வண்டியாகவும் ஆகிறார் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

உட்கார்ந்தே போவதற்கும் ஒரு விலை உண்டு. அது மெதுவாகத் தெரியவரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். குறுகிய தூரங்களுக்குக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறினால், உடற்பயிற்சியால் கூடும் ஆயுள் 3 முதல் 14 மாதம். விபத்து ஆபத்தால் குறைவது 5 முதல் 9 நாள். புகையை அதிகம் சுவாசிப்பதால் குறைவது 0.8 முதல் 40 நாள். 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரின் தகவல்களைப் பார்த்ததில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் அகால மரண வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுபவர்கள் வேறு விதங்களிலும் ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம் என்பதால், அந்த 41-ஐ அப்படியே சைக்கிளின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இந்த எண்களைக் காட்டி யாரையும் ரோட்டுக்குத் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்ட நாட்டுச் சராசரியை, உங்கள் வழியில் இருக்கும் அந்த ஒரு ரவுண்டானாவில் பொருத்திப் பார்த்துப் பயனில்லை. சராசரி நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வழியைச் சோதிக்க இறங்கலாம். அவ்வளவே.

படி 1: வழியைத் துண்டு போடுங்கள்

மேப் செயலியில் கார் வழியைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் பெரிய ரோட்டைத்தான் காட்டும். நடைவழியையோ, இருந்தால் சைக்கிள் வழியையோ போட்டுப் பாருங்கள். குடியிருப்புத் தெருக்கள், பூங்கா ஓரம், கால்வாய்க் கரை, சர்வீஸ் ரோடு என்று காரில் போகும்போது கண்ணில் படாத வழிகள் அதில்தான் தெரியும்.

பிறகு ஒரு காகிதத்தில் வழியைத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘சரி’, ‘பரவாயில்லை’, ‘பயம்’ என்று குறியுங்கள். ‘பயம்’ என்று எழுதிய இடத்தில் ஏன் என்பதையும் எழுத வேண்டும். ‘மோசமான ரோடு’ என்றால் போதாது. ‘பாலத்தில் ஓரமே இல்லை, லாரி ஓவர்டேக் செய்கிறது’ என்று எழுதினால்தான் அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

படி 2: வெள்ளோட்டம்

விடுமுறை நாள் விடிகாலையில் ஒருமுறை அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். குழி, மூடியில்லாத சாக்கடை, ரோட்டில் பதித்த தண்டவாளம், நாய்கள் கூடும் முனை எல்லாம் அப்போது நிதானமாகக் கண்ணில் படும். அடுத்ததாக, வேலை நாளில் நீங்கள் போகும் அதே நேரத்தில், ‘பயம்’ என்று குறித்த இடத்துக்கு மட்டும் நடந்துபோய் ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டிகள் எங்கே வேகம் எடுக்கின்றன, எந்தப் பக்கம் வெட்டித் திரும்புகின்றன, மற்ற சைக்கிள்காரர்கள் எப்படிக் கடக்கிறார்கள்? நெடுநாளாக அந்த வழியில் போகிறவர்கள் ஏதாவது ஒரு சூட்சுமம் வைத்திருப்பார்கள்; கேட்டால் சொல்வார்கள்.

படி 3: பயமுள்ள இடத்துக்கு நான்கு வழிகள்

சுற்றிப் போகலாம். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று நாலே நிமிடம். தினமும் நாலு நிமிடம் முன்னதாகக் கிளம்பி நெஞ்சுப் படபடப்பை மிச்சப்படுத்துவதைவிட லாபமான பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இறங்கித் தள்ளலாம். இதைச் செய்யப் பலருக்கும் கூச்சம். பெரிய சந்திப்பில் இறங்கி, பாதசாரியாக சீப்ரா கோட்டில் கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்? ரவுண்டானாவுக்கு இதுதான் நான் முதலில் சொல்லும் வழி.

நேரத்தை மாற்றலாம். பள்ளி விடும் நேரம், லாரிகளை நகருக்குள் அனுமதிக்கும் நேரம் இரண்டையும் தவிர்த்தாலே சில ரோடுகள் ஆளே மாறிவிடும். ஆனால் ஒன்று: காலியான ரோட்டில் வேகம் கூடும்.

பாதியில் மாறலாம். ஆபத்தான பகுதியை ரயிலிலோ பஸ்ஸிலோ கடந்து மீதியைச் சைக்கிளில் போகலாம். அல்லது காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பின்னால் மாட்டிவந்த சைக்கிளில் உள்ளே போகலாம்.

நான்கில் எதுவுமே பொருந்தாமல், வண்டிகள் 60, 80 என்று பறக்கும், ஓரமே இல்லாத ஒரு துண்டு வழியில் மிச்சமிருந்தால், அந்த வழிக்குக் கார்தான். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். நமக்குப் பழகும், ரோடு மாறாது.

படி 4: வழி சரி, நாம் தயாரா?

ஒரு காலி மைதானத்தில் நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே ஒரு தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பாருங்கள். நண்பர் ஒருவர் பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும். எத்தனை என்று சொல்லுங்கள். புதிதாகச் செய்பவருக்கு, தலை திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பி, சைக்கிள் ஒரு முழம் விலகிவிடும். ரோட்டில் அந்த ஒரு முழம்தான் பின்னால் வரும் காரின் பாதை. விலகாமல் ஓடும்வரை இதைப் பழகுங்கள். அதற்குப் பிறகு ஒற்றைக் கையால் ஓட்டி மற்றக் கையால் சைகை காட்டுவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துச் சறுக்காமல் நிற்பது. இந்த மூன்றும் வராமல் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டாம்.

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். உதவும். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது பின்னால் வருபவருக்கு ‘இவர் ஏதோ செய்யப் போகிறார்’ என்று தெரிகிறது. கண்ணாடியைப் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

படி 5: வண்டியும் விளக்கும்

தினமும் கிளம்பும் முன் டயரில் காற்று, இரண்டு பிரேக், செயின். அரை நிமிட வேலை.

விளக்கை இருட்டினால் போடுவது என்று வைத்துக்கொள்ளாமல் பகலிலும் எரியவிடுங்கள். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் சுமார் 4,000 பேரை வைத்துச் சோதித்ததில், பகலிலும் விளக்கு எரியவிட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் விபத்துகள் 19 சதவீதம் குறைவாக இருந்தன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலில் ஒளி திருப்பும் பட்டை. மேலும் கீழுமாக ஆடும் பெடல் பட்டையைப் பார்த்ததுமே ‘சைக்கிள்’ என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

ஹெல்மெட் பற்றிய சண்டை ஓயாது. 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த அலசலில், விபத்தில் சிக்கியவர்களிடையே தலையில் பலத்த காயம்படும் வாய்ப்பு ஹெல்மெட் போட்டவர்களுக்கு 69 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது விழுந்த பிறகு காப்பாற்றும் பொருள். மோதலைத் தடுப்பது வழித்தேர்வும், ரோட்டில் நீங்கள் ஓட்டும் இடமும்.

படி 6: ரோட்டில் எங்கே ஓட்டுவது

புதியவர்கள் ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக்கொள்வார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் குப்பை, மணல், சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான். அதோடு, ‘இடம் இருக்கிறது’ என்று நினைத்துப் பின்னால் வருபவர் உரசிக்கொண்டே முந்துவார். ஓரத்திலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி, வளையாமல் நேராக ஓட்டுங்கள். ரோடு குறுகி, முந்த இடமே இல்லாத இடத்தில், பின்னால் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் தடத்தின் நடுவுக்கே வரலாம். இடம் வந்ததும் ஒதுங்கிவிடலாம். 80-இல் வண்டி வரும் சாலையில் இதைச் செய்யக் கூடாது.

நிறுத்தியிருக்கும் கார்களின் வரிசையைக் கடக்கும்போது ஒரு கதவு அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போங்கள். டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா, பின் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே போவது சில நாளில் பழகிவிடும்.

லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிக்னலில் லாரி நிற்கிறது. அதற்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடைவெளி இருக்கிறது. முன்னால் போய் நின்றுகொள்ளலாம் என்று கை துறுதுறுக்கும். ஓரப் பக்கமாகத் திரும்பப் போகிற நீள லாரி, திரும்ப இடம் போதாமல் முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகும். அப்போது இடைவெளி இன்னும் அகலமாகும்; வழி விடுகிறார் என்றே தோன்றும். பிறகு முன்பகுதி திரும்பும். பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஒரு மீட்டராக இருந்த இடைவெளி, சைக்கிள் நிற்கும் இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். கேபின் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்பவரின் தலைகூடத் தெரியாமல் போகலாம். அவர் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால், தள்ளி நில்லுங்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தச் சந்துக்குள் மட்டும் நுழையாதீர்கள்.

தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடங்கள். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் மாட்டும். ஈரமாக இருந்தால் இறங்கிவிடுவதே மேல்.

படி 7: காரை எடுக்கும் நாளில்

என்றைக்குக் கார் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். கனமழை, மூடுபனி, சரியாகத் தூங்காத நாள், இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் நாள், பெரிய சுமை, உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிப்போவது: இப்படி ஒரு பட்டியல் இருந்தால், காலையில் ‘சைக்கிளை எடுக்காமல் விட்டோமே’ என்ற குற்ற உணர்வும் வராது, வீம்புக்கு எடுத்துக்கொண்டு போவதும் நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சைக்கிள் என்றாலும் அது கணக்கில் வரும்.

காரை எடுத்தால், சைக்கிளில் போகும்போது மற்றவர்கள் எப்படி ஓட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களோ அப்படி ஓட்டுங்கள். சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் என்றே சட்டம் இருக்கிறது. இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள்; அடுத்த சிக்னலில் எப்படியும் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கப் போகிறீர்கள். போன் கையிலேயே வேண்டாம்: ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு.

நிறுத்தி இறங்கும்போது, கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையை நீட்டித் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் 2022-இல் இதைச் சேர்த்தார்கள். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். பாதிக் கதவுகளைத் திறப்பது அவர்கள்தான்.

படி 8: மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள்

படி 1-இல் எழுதிய காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ‘பயம்’ என்று குறித்த இடம் ‘பரவாயில்லை’ ஆகியிருக்கும். ‘சரி’ என்றிருந்த இடத்தில் ரோடு வேலை ஆரம்பித்திருக்கும். பகல் குறைந்து, திரும்பும் நேரம் இருட்டாகியிருக்கும். அதற்கேற்ப வழியையோ வண்டியையோ மாற்றிக்கொள்ளுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏதாவது நடந்தால் இடம், நேரம், வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் நடந்தால், மாற்றுவழி கிடைக்கும்வரை அந்த வழியை விட்டுவிடுங்கள்.

அந்தக் குறிப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்றைக்குச் சைக்கிளுக்குப் பெயர் போன நெதர்லாந்திலேயே 1971-இல் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தப் போராட்டமும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துதான் அரசைத் தனிப்பாதைகள் பக்கம் திருப்பின. உங்கள் பகுதியின் ரோடுகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதும்போது ‘ரோடு பாதுகாப்பாக இல்லை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். படித்துவிட்டுக் காகிதக் கட்டோடு சேர்த்துவிடுவார்கள். எந்தச் சந்திப்பு, எத்தனை மணிக்கு, எந்த வண்டி எப்படித் திரும்புகிறது, வேண்டியது வேகத்தடையா, தெருவிளக்கா, 30 கிலோமீட்டர் வரம்பா என்று எழுதி, போட்டோ ஒன்றும் இணையுங்கள். அதே இடத்தைக் கடக்கும் நாலு பேரின் கையெழுத்தையும், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரின் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள்.